லூயி ஆம்ஸ்ட்ராங் ஊரில் இரண்டு நாள்... ட்ரம்பெட் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

நியூ ஆர்லியன்ஸ் நகரம், சவுத் ராம்பார்ட் தெரு, கதவு எண் 427. முகவரி இருக்கிறது, கதவு இல்லை. கீழே கடை, மேலே வீடு என்று நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே நின்ற செங்கல் கட்டடம், 2021 ஆகஸ்ட் 29-ம் தேதி அடித்த இடா புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இப்போது சுற்றிலும் கார் நிறுத்தும் இடங்கள்தான்.

"பென்யே சாப்பிடலாம்னு கூட்டிட்டு வந்தா, நீ காலி மனையை போட்டோ எடுத்துட்டு நிக்கிறே!" என்றாள் அக்கா.

அந்தக் காலி மனையில் இருந்தது கர்னோஃப்ஸ்கி குடும்பத்தின் தையல் கடை. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். பழைய சாமான், நிலக்கரி என்று வண்டியில் கொண்டுபோய் வியாபாரம் செய்தவர்கள். அவர்கள் வண்டியில் உதவிக்குப் போன கறுப்பினச் சிறுவனுக்கு ஏழு வயது இருக்கும். தெருவில் ஆட்களைக் கூப்பிட ஒரு தகர ஊதுகுழலை ஊதிக்கொண்டே போவான். வேலை முடிந்ததும் அந்த வீட்டிலேயே சாப்பாடு. அடகுக்கடையில் பார்த்த பழைய கார்னெட் ஒன்றை அவன் ஆசைப்பட்டபோது, முன்பணம் கொடுத்து வாங்க உதவியதும் அந்தக் குடும்பம்தான். அந்தச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங். 1969-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோதுகூட, கைப்பட உட்கார்ந்து எழுதியது இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான்.

உலகமே அறிந்த ஒருவரின் சொந்த ஊரில், அவர் சம்பந்தப்பட்ட இடங்களைத் தேடிப்போனால் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காலி மனை வருகிறது. அவர் பிறந்த ஜேன் சந்து 1964-ல் இடிக்கப்பட்டது. இன்று அது நகரத்தின் காவல்துறை, நீதிமன்றக் கட்டடங்கள் இருக்கும் பகுதி. ஆனால், ஊருக்கு வந்து இறங்கும் விமான நிலையத்துக்கு 2001 முதல் அவர் பெயர்!

அப்படியானால் அந்த ஊர் எங்கே இருக்கிறது? இசைத்தட்டுகளில் இருக்கிறது. அந்த இசைத்தட்டுகள் பெரும்பாலும் இங்கே பதிவானவை இல்லை என்பதுதான் வேடிக்கை. பெரும்பாலானவை, ஊரைவிட்டுப் போனவர்கள் வேறு ஊர்களில் நின்று ஊதியவை.

முதல் பன்னிரண்டு நொடி

கொஞ்சம் பின்னால் போகிறேன். அக்கா ஹூஸ்டனில் இருக்கிறாள். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் சுமார் 560 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம். திங்கள்கிழமையும் விடுமுறையாக ஒரு வார இறுதி அமைந்ததும், அக்கா, மாமா, அவர்களின் ஒன்பது வயது மகள், நான் என்று நால்வரும் கிளம்பிவிட்டோம்.

நான் ஜாஸ் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குத் தெரியும், காதில் பாட்டு வரி ஓடினால் கையில் செய்தித் தலைப்பு வராது. வரி இல்லாத இசை ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது அகப்பட்டது ட்ரம்பெட். தேடினால் 'கேட்டே ஆக வேண்டிய 100 ஆல்பங்கள்' என்று பட்டியல்கள் வந்து விழும். முதல் ஐந்தைக் கேட்பதற்குள் அலுத்துவிடும். எனக்கு வழி திறந்துவிட்டது ஒரே ஒரு மூன்று நிமிடப் பதிவு. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

காரில் பாட்டு மாற்றும் உரிமை மாமாவுடையது. அவருக்கு ஒரு விதி உண்டு. "பத்து செகண்ட் பார்ப்பேன். புடிக்கலைன்னா ராஜா சாருக்குப் போயிடுவேன்." லூசியானா எல்லைக்குள் நுழைந்து, அச்சாஃபலாயா சதுப்பு நிலத்துக்கு மேலே 29 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் பாலத்தில் ஏறியதும் நான் போட்டது 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. 1928 ஜூன் 28-ம் தேதி, சிகாகோவில் பதிவானது.

தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் இல்லை. ட்ரம்பெட் மட்டும். நான்கு ஸ்வரங்கள் அழுத்தமாக வருகின்றன. அங்கிருந்து சரசரவென்று உச்சிக்கு ஒரு ஓட்டம், பிறகு சுழன்று சுழன்று கீழே ஓர் இறக்கம். மொத்தமே பன்னிரண்டு நொடிதான். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மனோதர்மம் என்ற சொல் தெரியும். அந்தப் பன்னிரண்டு நொடியை நூறு வருடமாக ட்ரம்பெட் பழகுகிறவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிவைத்துப் பயில்கிறார்கள். சரியாக வாசித்தவர்கள் உண்டு. ஆனால், அந்த அலட்சியம் வரவில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

மாமா பாட்டை மாற்றவில்லை.

பிறகு மற்ற வாத்தியங்கள் சேர்ந்துகொள்ளும். நடுவில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல் குரலில் பதில் சொல்வார். பின்சீட்டிலிருந்து பாப்பா கேட்டாள்: "சித்தி, அவர் வேர்ட்ஸ் மறந்துட்டாரா?"

சரியான கேள்வி. அந்தப் பாணிக்கு ஸ்காட் என்று பெயர். 1926-ல் 'ஹீபி ஜீபீஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்யும்போது வரிகள் எழுதிய காகிதம் கீழே விழுந்துவிட, வாயில் வந்ததைப் பாடிச் சமாளித்தார், அதிலிருந்துதான் இது பரவியது என்று ஒரு கதையே உண்டு. கதை நிஜமோ இல்லையோ, பாட்டு நன்றாக இருக்கிறது. பாப்பாவுக்கு அன்று முழுக்க அதுதான்.

'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' முடிவதற்கு முன் இன்னோர் இடம் இருக்கிறது. ஏர்ல் ஹைன்ஸின் பியானோ முடிந்து ஆம்ஸ்ட்ராங் திரும்பி வருவார். வந்து, ஒரே ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். கேட்கும் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். நாகஸ்வரக்காரர் ஒருவர் கார்வை கொடுத்து நிற்கும்போது கூட்டம் அசையாமல் இருக்குமே, அப்படி. விட்டதும், அடைத்துவைத்த தண்ணீர் திறந்துவிட்டதுபோல் சங்கதிகள் கொட்டும்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். முதல் முறை கரகரப்புதான் காதில் விழும். மூன்றாவது முறை அது காணாமல் போய்விடும். கரகரப்பு ஒத்தே வராது என்பவர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. 1954-ல் வெளிவந்த 'லூயி ஆம்ஸ்ட்ராங் ப்ளேஸ் டபிள்யூ.சி.ஹேண்டி' என்ற ஆல்பம். ஒலி சுத்தமாக இருக்கும். முதல் பாட்டு 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம், ஒரு நொடிகூட வீண் இல்லை.

போர்பன் தெருவைத் தாண்டிப் போங்கள்

நியூ ஆர்லியன்ஸ் என்றதும் எல்லோரும் சொல்லும் போர்பன் தெருவை நாங்கள் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டோம். கடைக்குக் கடை ஸ்பீக்கர். ஜாஸைத் தவிர எல்லாம் கேட்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் பகலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அக்கா ஆசைப்பட்ட பென்யே, எண்ணெயில் பொரித்த சதுரமான பண்டம். அதன் மேல் சர்க்கரைத் தூளை மலை மலையாகக் கொட்டித் தருகிறார்கள். கறுப்பு உடுப்பில் போகாதீர்கள். அதைவிட ஆச்சரியம் கூடவே வரும் காபி. சிக்கரி கலந்த காபி! பால் சேர்த்து, நுரையோடு. ஒரு வாய் குடித்துவிட்டு மாமா, "இது நம்ம கும்பகோணம் ஆளுங்க யாரோ வந்து சொல்லிக்கொடுத்தது" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. சொன்னால் நம்பவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், செயின்ட் பீட்டர் தெருவில் இருக்கிறது ப்ரிசர்வேஷன் ஹால். 1961-ல் தொடங்கியது. பெயரில்தான் ஹால், நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் மணமகள் அறை அளவுகூடத் தேறாது. சில பெஞ்சுகள், முன்னால் தரையில் உட்கார மெத்தைகள், பின்னால் நிற்க இடம். மது விற்பதில்லை. போட்டோ எடுக்கக் கூடாது. குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுவது உத்தமம்.

நாங்கள் தரை மெத்தை. ட்ரம்பெட்காரரின் காலணி எங்கள் முகத்துக்கு நேரே. மைக் கிடையாது. முதல் ஸ்வரம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் பட்டது. இந்த வாத்தியத்தைப் பதிவில் மட்டுமே கேட்டிருந்த எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. இது கூரைக்குக் கீழே வாசிப்பதற்காக உருவான இசையே இல்லை. ஊர்வலத்திலும் இறுதிப் பயணத்திலும் தெருவில் நடந்துகொண்டே வாசித்தது. கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்றால், இருப்பதிலேயே சத்தமான வாத்தியம்தான் ராகத்தை எடுத்துச் செல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஊரில் கார்னெட்டும் ட்ரம்பெட்டும் ராஜா. வாத்தியத்தில் இருப்பது மூன்றே மூன்று பொத்தான்கள். மீதி அத்தனை ஸ்வரங்களும் உதட்டை இறுக்கித் தளர்த்தி வரவழைப்பவை. ஆம்ஸ்ட்ராங்கின் உதடு வாழ்நாள் முழுக்கத் தழும்பேறி, வெடித்து, களிம்பு போட்டு ஆறி, மறுபடி வெடித்த உதடு.

இங்கே இறுதி ஊர்வலத்தில் கல்லறை வரைக்கும் மெதுவான துக்கப் பாடல்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் பாட்டம். பின்னால் வரும் ஊர் ஜனங்கள் குடையும் கைக்குட்டையும் சுழற்றிக்கொண்டு ஆடுவார்கள். சாவு வீட்டில் ஆடுவதா என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லைதானே?

மறுநாள் காலை ட்ரமே பகுதி. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தங்கள் தாளத்தை வாசித்து ஆடிய காங்கோ சதுக்கம் இங்கேதான் இருக்கிறது. இன்று அது ஆம்ஸ்ட்ராங் பெயரிலான பூங்காவுக்குள் வருகிறது. பூங்காவுக்கான நிலம், கறுப்பின மக்களின் வீடுகளை இடித்து எடுக்கப்பட்டது. பக்கத்திலேயே கிளைபோர்ன் அவென்யூ. வரிசையாக நின்ற ஓக் மரங்களை 1966-ல் வெட்டிவிட்டு, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். மரத்தடியில் கூடியவர்கள் இப்போது பாலத்தடியில் கூடுகிறார்கள். தூண்களில் மரங்களை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பழைய நாணயச் சாலைக் கட்டடத்தில் ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கார்னெட் இருக்கிறது. 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் பிடிபட்ட பதினோரு வயது ஆம்ஸ்ட்ராங், கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் கையில் கொடுத்துப் பழக்கிய கார்னெட் என்று அதைக் காட்டுகிறார்கள். அடிவாங்கி நசுங்கிய பித்தளை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

பார்க்க முடியாதது, கேட்கவும் முடியாதது ஒன்றும் இந்த ஊரில் உண்டு. பட்டி போல்டன். ஆம்ஸ்ட்ராங்குக்கு முந்தைய தலைமுறைக் கார்னெட் கலைஞர். ஜாஸ் இவரிடமிருந்துதான் தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். 1907-ல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1931-ல் அங்கேயே இறந்தார். 24 வருடம். அவர் ஊதிய ஒரு ஸ்வரம்கூட இன்று கேட்கக் கிடைக்காது.

ரயில் போனால் ரெக்கார்டிங் நிற்கும்

1922 ஆகஸ்ட் 8. குரு கிங் ஆலிவர் சிகாகோவிலிருந்து தந்தி கொடுத்துக் கூப்பிட, 21 வயது ஆம்ஸ்ட்ராங் ரயிலேறுகிறார். அம்மா மேயன் கட்டிக்கொடுத்தது மீன் வைத்த சாண்ட்விச். வழியில் கறுப்பினத்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஹோட்டல் கிடைக்காது, அதனால் கட்டுச்சோறு. அதே காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கு இப்படித்தான் போனார்கள்.

அடுத்த வருடம் ஏப்ரலில், ஆலிவரின் குழு இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே ஒரு பியானோ தொழிற்சாலையில், ஜென்னட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோ. பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக்ரோபோன் வராத காலம். ஒரு பெரிய புனல், அதன் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் ஊதினால் குருவின் சத்தம் அமுங்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளித் தள்ளி, கடைசியில் மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். அதே நிறுவனம், கறுப்பினத்தவரை வெறுத்த கூ க்ளக்ஸ் கிளான் அமைப்புக்கும் பணம் வாங்கிக்கொண்டு இசைத்தட்டு அச்சடித்துக் கொடுத்தது. இண்டியானாவில் அந்த அமைப்பு கொடிகட்டிப் பறந்த வருடங்கள் அவை.

அங்கே பதிவான 'சைம்ஸ் ப்ளூஸ்' பாட்டில்தான் ஆம்ஸ்ட்ராங் தனியாக வாசித்த முதல் பதிவு இருக்கிறது. அதைவிட நான் 'டிப்பர் மவுத் ப்ளூஸ்' கேட்கச் சொல்வேன். அதில் கேட்பது குரு. கார்னெட் வாயை மூடித் திறந்து குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம் கொண்டுவருவார் ஆலிவர். ஆனால், இவற்றை முதலில் கேட்காதீர்கள். 1928-ஐக் கேட்டுப் பழகிய காதோடு 1923-க்குப் போனால்தான், மூலையில் நிற்கும் அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் கிடைக்கும்.

1925 நவம்பர் 12 முதல் சிகாகோவில் தன் பெயரில் 'ஹாட் ஃபைவ்' குழுவை வைத்துப் பதிவுசெய்யத் தொடங்கினார். அந்த ஐவரில் பியானோ லில் ஹார்டின், ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி. 'நீ இன்னொருவருக்குப் பின்னால் நிற்கிற ஆள் இல்லை' என்று அவரைத் தனியாக வரவழைத்தவர். ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் லில்லைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்', ஏர்ல் ஹைன்ஸோடு ஜோடியாக வாசித்த 'வெதர் பேர்ட்' இரண்டும் தவறவிடக் கூடாதவை. ஐயோவா மாநிலத்து பிக்ஸ் பைடர்பெக்கின் 'சிங்கிங் தி ப்ளூஸ்', 1927. அதையும் இந்தப் பக்கத்திலேயே வைத்துக் கேளுங்கள். ஆம்ஸ்ட்ராங் வெயில் என்றால் இவர் நிழல். 28 வயதில் இறந்துவிட்டார்.

கிங் ஆலிவருக்கு ஈறு கெட்டு, ஊத முடியாமல் போனது. 1937-ல் சவானா நகரில் அவர் காய்கறி விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஆம்ஸ்ட்ராங் சொல்லியிருக்கிறார். கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் ஆலிவர் இறந்தார். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' மெட்டு ஆலிவருடையது.

வெஸ்ட் எண்ட் என்பது நியூ ஆர்லியன்ஸின் பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்கரையில் ஓர் இடம். ஒரு காலத்தில் ஊரே காற்று வாங்கப் போன உல்லாசத் தலம். இரண்டாம் நாள் மாலை அங்கேயும் போனோம். மிச்சமிருந்த உணவகங்களையும் 2005-ல் கத்ரீனா புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர், படகுகள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர். இந்த இடத்தின் பெயரில் ஒருவர் மெட்டமைக்க, இன்னொருவர் சிகாகோவில் நின்றுகொண்டு ஊதியிருக்கிறார்.

சொந்த ஊரில் வாசிக்காத ஒன்பது வருடம்

1931-ல் ஆம்ஸ்ட்ராங் ஊருக்குத் திரும்பி வந்து வாசித்தார். வெள்ளையருக்கு மட்டுமான கிளப், வானொலியில் நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் கேவலமான வார்த்தை ஒன்றைச் சொல்லி, இந்த ஆளை அறிவிக்க என்னால் முடியாது என்று விலகிக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங் தானே மைக்கைப் பிடித்துத் தன்னை அறிவித்துக்கொண்டு வாசித்தார்.

1956-ல் லூசியானா ஒரு சட்டம் போட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இரு தரப்பினரும் இருந்தார்கள். 'என் குழுவோடு வாசிக்க முடியாத ஊரில் எனக்கென்ன வேலை' என்று நிறுத்திக்கொண்டார். 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகு, 1965 அக்டோபரில்தான் அங்கே மறுபடி மேடையேறினார். நடுவில் அவர் வாசிக்காத நாடு குறைவு. பிறந்த ஊரில் மட்டும் வாசிக்கவில்லை.

எப்போதும் பல் தெரியச் சிரிப்பார், வெள்ளையரைச் சந்தோஷப்படுத்துகிறார் என்று இளைய தலைமுறைக் கலைஞர்கள் அவரைக் கிண்டலடித்ததுண்டு. 1957-ல் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, அந்தச் சிரித்த முகம்தான் அதிபர் ஐசனோவரைப் பெயர் சொல்லித் திட்டி, அரசு ஏற்பாடு செய்யவிருந்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்றது. இதெல்லாம் தெரிந்த பிறகு 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்டு' பாட்டை ஒருமுறை கேளுங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் குழந்தை, பூ, நாய்க்குட்டிக்குப் பின்னால் ஓடும் அதே பாட்டுதான். வேறு மாதிரி கேட்கும்.

பிள்ளையார் கோயிலிலிருந்து நாலு கிலோமீட்டர்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்கள் நியூயார்க் போனால், குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலைத் தவறவிடுவதில்லை. தரிசனம் முடித்து, கீழே கேன்டீனில் தோசை. நானும் ஊர் திரும்பும் வழியில் அதைச் செய்தேன். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில், கரோனா என்ற இடத்தில், 107-வது தெருவில் இருக்கிறது ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. ஏழாம் எண் ரயிலில் 103-வது தெரு நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்.

1943-ல் அவருடைய நான்காவது மனைவி லூசில், கணவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது தானே பார்த்து வாங்கிய வீடு. திரும்பி வந்தவர், டாக்ஸி டிரைவர் விளையாடுகிறார் என்று நினைத்து இறங்கவே மறுத்தாராம். எத்தனை பணம் வந்தும் 1971 ஜூலை 6-ம் தேதி இறக்கும் வரை அந்த நடுத்தரக் குடும்பத்துத் தெருவைவிட்டு அவர் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார். சமையலறை முழுக்கப் பளபளக்கும் நீலப்பச்சை அலமாரிகள். மாடியில் அவருடைய அறையில் டேப் ரெக்கார்டர்கள். வீட்டில் பேசியது, சாப்பிட்டது, பழைய தட்டுகளோடு சேர்ந்து ஊதிப் பழகியது என எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருக்கிறார். வழிகாட்டி ஒருவர் அறை அறையாகக் கூட்டிப்போய், அந்தந்த இடத்தில் அவற்றைப் போட்டுக் காட்டுகிறார். பிறந்த வீடு போய்விட்டது, வாழ்ந்த வீடு அப்படியே இருக்கிறது. காரணம் லூசில்.

இந்த இடத்துக்கு வந்தபின் மற்றவர்களைக் கேட்கலாம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலிருந்துதான் எல்லோரும் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டுவிட்டுப் போனால்தான், மைல்ஸ் எதையெல்லாம் வாசிக்காமல் விட்டார் என்பது கேட்கும். 1959-ல் மன்ஹாட்டனின் 30-வது தெருவில், தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய கட்டடத்தில் இரண்டே நாளில் பதிவானது. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. ஆல்பம் வெளிவந்த அதே ஆகஸ்ட் மாதம், தான் வாசித்துக்கொண்டிருந்த கிளப் வாசலில் நின்றதற்காகப் போலீஸிடம் தலையில் அடிவாங்கினார் மைல்ஸ். உடையெல்லாம் ரத்தம்.

கிளிஃபர்ட் பிரவுனின் 'ஜாய் ஸ்பிரிங்' காலையில் கேட்க ஏற்றது. 1956-ல் மழை இரவில் கார் விபத்து, வயது 25. அவர் நினைவாக பென்னி கோல்சன் எழுதிய மெட்டை, அடுத்த வருடம் லீ மார்கன் என்ற பதினெட்டு வயதுப் பையன் வாசித்திருக்கிறான். 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்'. நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டின் வரவேற்பறையில் பதிவுசெய்தது. பதினெட்டு வயதில் இவ்வளவு துக்கம் எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே கேட்பேன்.

டிஸ்ஸி கில்லெஸ்பியும் கரோனாவில் ஆம்ஸ்ட்ராங்குக்கு அக்கம்பக்கத்தில்தான் குடியிருந்தார். ட்ரம்பெட் வாய் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும், கன்னம் பலூன்போல உப்பும், படம் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆம்ஸ்ட்ராங்கின் சிரிப்பைக் கிண்டலடித்தவர்களில் இவரும் ஒருவர். பின்னாளில் சுயசரிதையில் அதை மாற்றி எழுதினார். இருவருமே ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆம்ஸ்ட்ராங்கின் கல்லை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், அவருடைய செல்லப்பெயரான 'சாட்ச்மோ' பொறித்திருக்கும். டிஸ்ஸியைத் தேடாதீர்கள். பெயர்க்கல்லே இல்லாத கல்லறை அவருடையது.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த காணொளி ஒன்று யூடியூபில் இருக்கிறது. 1959 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பாட்டு 'அம்ப்ரெல்லா மேன்'. ஒரு நேரான ட்ரம்பெட், பக்கத்தில் ஒரு வளைந்த ட்ரம்பெட். ஒருவர் வாசிப்பில் இன்னொருவர் குறுக்கே புகுந்து, ஒருவரை ஒருவர் பாட்டிலேயே சீண்டிக்கொள்கிறார்கள். பாப்பாவுக்கு அனுப்பினேன். "சித்தி, இதுல யாரு வின் பண்ணாங்க?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.